ராடு அப்புறம் வாங்கலாம், முதலில் ஆற்றைப் பாருங்கள்

சென்னையிலிருந்து மாற்றலாகிக் கும்பகோணம் வந்து மூன்று மாதம் ஆகிறது, பத்து வயது மகன் வீடியோ பார்த்துவிட்டுத் தூண்டில் போடப் போகலாம் என்று நச்சரிக்கிறான், எந்த ராடு, எந்த ரீல் வாங்குவது, எங்கே போவது, லைசென்ஸ் ஏதாவது வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐயாயிரம் ரூபாய் வரை செலவழிக்கத் தயார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐயாயிரம் இப்போதைக்குப் பத்திரமாக இருக்கட்டும். நான் அரசலாற்றங்கரையில் வளர்ந்தவன். அரைக்கால் சட்டை போட்ட வயதிலிருந்து இந்தப் பக்கத்து ஆறு, வாய்க்கால், குளம் எல்லாவற்றிலும் தூண்டில் போட்டுத் திரிந்தவன். எந்த ராடு என்று கேட்டீர்கள், ஆற்றில் எப்போது தண்ணீர் வரும் என்று கேட்கவில்லை. இந்த ஊரில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

டெல்டாவில் மீனுக்கு நாள்காட்டி என்று ஒன்று இருந்தால் அதை எழுதுவது ஷட்டர்தான். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள். இருப்பு குறைவாக உள்ள வருஷங்களில் தள்ளிப்போகும். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து விடுகிறார்கள். நம் ஊருக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களுக்குக் கணக்கே இல்லை. ஜனவரி 28-இல் மேட்டூரை மூடுவார்கள். இந்த இரண்டு தேதிகளையும் மனதில் வைத்துக்கொண்டால் வருஷம் முழுவதற்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

புதுத் தண்ணீர் வரும்போது அது தண்ணீராகவே வராது. நுரை, சருகு, பிளாஸ்டிக், செத்த எலி என்று ஊர்க் குப்பையைத் தள்ளிக்கொண்டுதான் வரும். அந்த முதல் ஓட்டத்தில் மடுக்களில் ஒதுங்கிக் கிடந்த மீனெல்லாம் எதிர்நீச்சல் போட்டு ஏறும். மதகடியில் ஆட்கள் வலையோடு நிற்பார்கள், பார்க்க வேடிக்கையாக இருக்கும். தூண்டிலுக்கு அது நேரம் இல்லை. மீனுக்கு அப்போது ஏறுவதில்தான் புத்தி, இரையில் இல்லை. நான்கைந்து நாள் விட்டுக் கலங்கல் கொஞ்சம் தெளிந்த பிறகு போங்கள்.

ஆடி, ஆவணியில் ஆறு நிறைந்து ஓடும். பெரியவர்கள் தனியாகப் போவதற்கு நல்ல காலம், பையனோடு போவதற்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. எல்லா ஓடையும் செம்மண் கரைசலாக இருக்கும். அப்போது வீட்டில் உட்கார்ந்து தூண்டில் நரம்பு, அதாவது நைலான் இழை, கட்டப் பழகுங்கள். என் கணக்கில் குழந்தைகளோடு போக ஏற்ற காலம் பிப்ரவரி, மார்ச். தண்ணீரை மூடிய பிறகு ஆறு அறுந்து அங்கங்கே மடுவாக நிற்கும். ஓட்டம் இல்லை, தண்ணீர் தெளிவு, மீன் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். நான்கு கெண்டை பிடித்ததும் பையனுக்கு உற்சாகம் தாங்காது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த மடுவில் மிஞ்சும் மீன்தான் அடுத்த ஜூனில் புதுத் தண்ணீரில் ஏறப்போகும் விதை. குழம்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவோடு எழுந்துவிடுங்கள். சித்திரை, வைகாசியில் மடுவும் வற்றும். அப்போது குளங்கள்தான் கதி.

குளம் என்றதும் உங்கள் லைசென்ஸ் கேள்விக்கு வருகிறேன். யாருடைய தண்ணீர் என்பதுதான் இங்கே முதல் விஷயம். ஊராட்சிக் குளமோ, கோயில் குளமோ, நீர்வளத் துறை ஏரியோ, பெரும்பாலும் மீன்பாசி, அதாவது அங்கே மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் போயிருக்கும். ஏலம் எடுத்த குத்தகைக்காரர் காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். கட்லா, ரோகு, மிர்கால் என்ற கெண்டை வகைகள் மூன்றும் தேங்கிய தண்ணீரில் தானாக முட்டையிடுவதில்லை. அவற்றுக்கு வெள்ளம் பாயும் ஆறு வேண்டும். 1957-இல் ஒடிசாவில் மீன்வள விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரி குழுவினர் ஹார்மோன் ஊசி போட்டு அவற்றை முட்டையிட வைத்த பிறகுதான் நாடு முழுக்கக் குளத்தில் கெண்டை வளர்ப்பது பெருகியது. ஆகவே ஒரு குளத்தில் கட்லா சிக்கினால் அது யாரோ ஒருவர் விலை கொடுத்து விட்ட மீன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கல்லூரிக் காலத்தில் பக்கத்துக் கிராமத்துக் குளம் ஒன்றில் இரண்டு கிலோ கட்லாவை இழுத்துப் போட்டுவிட்டுப் பெருமையாக நின்றேன். பின்னாலிருந்து தோளில் ஒரு கை விழுந்தது. "தம்பி, இது காக்கா கொண்டாந்து போட்ட குஞ்சு இல்ல. நான் காசு குடுத்து விட்டது." குத்தகைக்காரர். திட்டவில்லை. மீனை எடை போட்டு அன்றைய விலைக்குப் பணம் வாங்கிக்கொண்டார், அப்புறம் டீயும் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து குளக்கரையில் முதலில் டீக்கடையில்தான் போய் நிற்பேன். குத்தகை யார் பேரில், தூண்டில் போட விடுவாரா என்று கேட்டால் கடைக்காரரே சொல்லிவிடுவார். ஜிலேபி மீன் மட்டும் பிடித்துக்கொள்கிறேன் என்றால் பல குத்தகைக்காரர்கள் சந்தோஷமாகவே விடுவார்கள். காரணம் பின்னால் வருகிறது.

ஆற்றிலும் இதே மரியாதை வேண்டும். சில பகுதிகளில் மீன்பிடி உரிமை உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்கும். மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒருமுறை போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், வீண் தகராறு இருக்காது. பறவைகள் சரணாலயமாக உள்ள ஏரி என்றால் பேச்சுக்கே இடமில்லை. வெடி போடுவதும் நஞ்சு கலப்பதும் 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம். கரண்ட் வைத்து மீன் பிடிப்பவர்களைக் கண்டால் பையனைக் கூட்டிக்கொண்டு உடனே இடத்தைக் காலி செய்யுங்கள். அவர்களோடு வாக்குவாதமும் வேண்டாம், அந்தத் தண்ணீரில் காலும் வேண்டாம்.

சரி, எங்கே உட்காருவது? ஊர் பேர் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். ஊர் பேர் சொன்னால் பயனில்லை. போன வருஷம் மீன் நின்ற இடத்தில் இந்த வருஷம் மணல் நிற்கும். அதற்குப் பதில் தண்ணீரை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். மீனுக்கு மூன்றுதான் வேண்டும். இரை வர வேண்டும், ஓட்டத்தோடு மல்லுக்கட்டாமல் நிற்க வேண்டும், கொக்கு கண்ணில் படாமல் ஒளிய வேண்டும். மூன்றும் சேரும் இடம் ஒரு வாய்க்காலில் நூறு அடிக்கு ஒன்றுகூடக் கிடைக்காது.

மதகிலிருந்து தண்ணீர் வேகமாக இறங்கிக் கொஞ்ச தூரம் போய்ச் சுழித்து ஓயும் பாருங்கள், அந்த ஓட்டமும் ஓய்வும் சேரும் கோடு ஒரு இடம். ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரை அரித்து ஆழமாக இருக்கும், உள்பக்கம் மணல் மேடு. ஆழத்துப் பக்கம் போடுங்கள், பையனை மணல் பக்கம் வையுங்கள். கரையோரம் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டித் தண்ணீரில் சாய்ந்திருக்கும். விவசாயிகளுக்கு அது எவ்வளவு பெரிய தொல்லையோ அவ்வளவுக்கு மீனுக்கு நல்ல கூரை. ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தால் அதன் ஓரம், நடுவில் ஒரு ஓட்டை இருந்தால் அந்த ஓட்டை. பாலத்துத் தூணின் பின்புறம். அப்புறம் படித்துறை. சோறு கழுவிய தண்ணீரும் பாத்திரம் விளக்கிய மிச்சமும் விழுந்து விழுந்து பொடிக் கெண்டையும் ஜிலேபியும் அங்கேயே குடித்தனம் நடத்தும். ஆட்கள் குளிக்கும் நேரம் மட்டும் போகாதீர்கள். தூண்டில் முள் யார் காலில் ஏறும் என்று சொல்ல முடியாது.

குளத்தில் ஓட்டம் இல்லை, காற்றைப் பாருங்கள். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது மேலே மிதக்கும் பூச்சி, பூ, பாசி எல்லாம் கிழக்குக் கரையில் போய் ஒதுங்கும். மீனும் அங்கேதான் மேயும். முகத்தில் காற்று அடிக்கும், தூண்டில் வீசச் சிரமம், ஆனாலும் அந்தக் கரைதான்.

விடியற்காலைதான் மீனுக்கு நேரம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆற்றுக்கு அது சரி. ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பது வரை, மறுபடி நான்கிலிருந்து இருட்டும் வரை. ஆனால் பாசியும் தாமரையும் அடர்ந்த குளத்தில் விடியற்காலை போய் ஏமாறாதீர்கள். ராத்திரி முழுக்க வெளிச்சம் இல்லாமல் செடிகளும் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனையே எடுத்துக்கொள்வதால் விடியும்போது அது மிகக் குறைவாக இருக்கும். கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, ஆகா எவ்வளவு மீன் என்று தோன்றும். எதுவும் இரை எடுக்காது. மூச்சுக்கே அலைகிறவன் இட்லியா தின்பான்? வெயில் ஏறி எட்டு, ஒன்பது மணி ஆன பிறகு போடுங்கள்.

இப்போது சாமான். எட்டு, பத்து அடியில் முற்றிய மெல்லிய மூங்கில் ஒன்று, அல்லது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மடக்கு ஃபைபர் கம்பு. ரீல் வேண்டாம். நம் வாய்க்கால் இருபதடி அகலம், அதில் எண்பதடி வீசும் ரீலை வைத்துக்கொண்டு எதிர்க்கரைப் புதரில்தான் மாட்டுவீர்கள். கம்பு நீளத்துக்கே நரம்பு போதும். பொடி மீனுக்கு 0.20 முதல் 0.25 மில்லிமீட்டர். முள் வாங்கும்போது எண்ணில் குழம்பாதீர்கள். 10, 12 என்று எண் கூடக் கூட முள் சின்னதாகும். 1/0, 2/0 என்று சைபரோடு எழுதியிருந்தால் பெரியதாகிக்கொண்டே போகும். கடையில் புதிதாக வருகிறவர் பெரிய எண், பெரிய மீன் என்று நினைத்து வாங்கிவிடுவார். உங்கள் பையனுக்கு 10-ஆம் எண் முள் போதும். வாங்கியதும் கொறடால் முள்ளின் உள்நாக்கை, அதாவது நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கூரை, அமுக்கிவிடுங்கள். மீன் ஒன்றிரண்டு நழுவும். அதற்குப் பதிலாக விரலில் ஏறினால் முள் வந்த வழியே வெளியே வரும். என் பெரியப்பா மகனை ஒருமுறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதிலிருந்து குழந்தைகள் கையில் நாக்கோடு முள் கொடுப்பதில்லை.

மிதவைக்குக் கடையில் விற்கும் வண்ணத் தக்கையும் பரவாயில்லை. கிடைத்தால் நெட்டித் துண்டு வையுங்கள். தஞ்சாவூரில் கோயில் கோபுரம், மாலை எல்லாம் நெட்டியில் செய்கிறார்களே, 2020-இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது, அதே நெட்டிதான். குளங்களில் வளரும் செடியின் தண்டு, தக்கையைவிட லேசு. சின்ன மீன் மூக்கால் தொட்டால்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, நெட்டியின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரியும்படி வையுங்கள். பாதி நெட்டி வெளியே நின்றால் மீன் இழுக்கும்போது அதன் எதிர்ப்பை உணர்ந்து இரையைத் துப்பிவிடும்.

ஆழம் பார்ப்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதுதான் பாதி வித்தை. முள்ளில் தற்காலிகமாக ஒரு கனமான ஈயக்குண்டு மாட்டிப் போடுங்கள். மிதவை முழுகிப் போனால் ஆழம் அதிகம், மிதவையை மேலே தள்ள வேண்டும். மிதவை படுத்துக்கொண்டால் நரம்பு அதிகம், கீழே இறக்க வேண்டும். நுனி மட்டும் நிமிர்ந்து நின்றால் அதுவே தரை ஆழம். கெண்டையும் கெளுத்தியும் தரையில் மேயும். அவற்றுக்கு இரை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். ஜிலேபிக்கு ஒரு சாண் மேலே தூக்குங்கள்.

முடிச்சு ஒன்றே ஒன்று கற்றுக்கொண்டால் போதும். நரம்பை முள்ளின் காதில் விட்டு, நீள நரம்பின் மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியைக் காதின் பக்கத்தில் உண்டான வளையத்துக்குள் விட்டு இழுப்பது. இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். காய்ந்த நைலான் உரசிச் சூடாகி அங்கேயே பலம் போய்விடும், நல்ல மீன் வரும்போதுதான் அது தெரியும்.

இரைக்கு மண்புழுவை மிஞ்சியது இல்லை. வாழைக்கொல்லை ஈரத்தில், சாணக் குப்பை அடியில் தோண்டினால் பத்து நிமிஷத்தில் ஒரு கொட்டாங்குச்சி நிறையும். அந்த மண்ணையே மேலே போட்டு நிழலில் வையுங்கள். அடுத்தது மாவு. மைதாவோ கோதுமையோ பரோட்டாப் பதத்துக்குப் பிசைந்து, ஓட்டத்தில் கரையாமல் இருக்க ஒரு சிட்டிகைப் பஞ்சு சேர்த்துப் பிசையலாம். ஏலக்காய் போடு, வெனிலா ஊற்று, பூண்டு அரைத்து விடு என்று ஆளுக்கு ஒரு ரகசியம் வைத்திருப்பார்கள். எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். மீனுக்கு வித்தியாசம் தெரிந்ததோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை. தவிடும் ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கும் பிசைந்து எலுமிச்சையளவு மூன்று உருண்டை முதலில் போட்டுவிட்டு அரைமணி பொறுத்தால் அதற்குப் பலன் நிச்சயம் தெரியும். ஓடும் தண்ணீர் என்றால் களிமண் சேர்த்துக் கனமாக்குங்கள். இல்லாவிட்டால் இரையெல்லாம் காரைக்காலுக்குப் போய்விடும்.

மீன்களில் முதலில் ஜிலேபியில் தொடங்குங்கள். ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட மீன், 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், இன்று அது இல்லாத குட்டை இல்லை. ஆண் மீன் ஆழமில்லாத இடத்தில் தட்டு மாதிரி வட்டக் குழி பறிக்கும், தெளிந்த தண்ணீரில் கரையிலிருந்தே பார்க்கலாம். பெண் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும். அதனால்தான் இவ்வளவு பெருக்கம். குத்தகைக்காரரின் கெண்டைக்குப் போட்ட தவிட்டை இவை தின்றுவிடும். அவர் ஏன் சந்தோஷமாக விடுகிறார் என்று இப்போது புரிந்திருக்கும். மிதவை முதலில் நடுங்கும், பிறகு பக்கவாட்டில் நகரும். நகரும்போது மணிக்கட்டால் ஒரு சுண்டு. தோளால் இழுத்தால் மீன் பின்னால் உள்ள தென்னை மரத்தில்தான் போய்த் தொங்கும். ஜிலேபியை எவ்வளவு பிடித்தாலும் பாவமில்லை.

கெளுத்தி வந்தால் மிதவை ஒரே இழுப்பில் உள்ளே போகும். வெளியே எடுத்ததும் கீச்சுக் கீச்சென்று சத்தம் போடும், பையன் சிரிப்பான். தொட விடாதீர்கள். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். தேளி அதைவிட மோசம். பேரே தேளிலிருந்து வந்தது மாதிரிதான், முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் கையைப் பொறுக்கக்கூடிய அளவு சுடுநீரில் கொஞ்ச நேரம் வைத்திருங்கள், அந்த விஷம் சூட்டில் செயலிழக்கும், வலி தணியும். அப்புறம் டாக்டரைப் பாருங்கள். பனையேறிக் கெண்டையின் செவுள் மூடி ரம்பம் மாதிரி, ஈரத்துணியால் பிடியுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியோ, மீன்தொட்டிகளில் கண்ணாடி நக்கிக்கொண்டிருக்குமே அந்தக் கரடுமுரடான மீனோ மாட்டினால் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். இரண்டும் நம் ஆற்றைக் கெடுப்பவை. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கே நாட்டில் தடை இருக்கிறது.

இனி விரால். இதற்கு நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், மன்னியுங்கள். விரால் பிடிக்கிறவனுக்கு மற்ற மீனெல்லாம் பொழுதுபோக்கு. அது காற்றையும் சுவாசிக்கும் மீன், தண்ணீரில் உள்ளது மட்டும் அதற்குப் போதாது. சில நிமிஷங்களுக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்தே ஆக வேண்டும். அந்த "பொளக்" சத்தம்தான் அதன் முகவரி. கோரையோரம், தாமரை இலைகளுக்கு நடுவே கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் எத்தனை விரால், எந்தப் பக்கம் என்று கணக்கெடுத்துவிடலாம். ஒரே மீன் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் எழும்பும்.

அந்தக் காலத்தில் கெண்டைப் பொடியை உயிரோடு முள்ளில் கோத்து விடுவோம். கெண்டையைப் போட்டு வராலை இழுப்பது என்று பழமொழியே இருக்கிறது. தவளையையும் கோப்பார்கள், எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. இப்போது ரப்பர் தவளை வந்துவிட்டது. இதற்கு மட்டும் ராடும் ரீலும் வேண்டும். ஏழடி விறைப்பான ராடு, நூலாகப் பின்னிய பிரெய்டு நரம்பு. நைலான் இழுபடும், பிரெய்டு இழுபடாது. செடிக்குள் புகுந்த விராலை வெளியே கொண்டுவர அது தேவை. தவளையை இலைகளுக்கு மேலே வீசி, தத்தித் தத்தி இழுத்து, இலை முடியும் ஓரத்தில் ஒரு நொடி நிறுத்துங்கள். நிறுத்தும் இடத்தில்தான் தண்ணீர் வெடிக்கும். வெடித்தவுடன் இழுத்தால் வெறும் தவளை உங்கள் நெற்றிக்கே பறந்து வரும். ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு, நரம்பில் கனம் தெரிந்த பிறகு இழுங்கள். இந்த இரண்டு நொடி பொறுக்க எனக்கு நான்கு வருஷம் ஆனது.

இதில் ஒரு விஷயத்தில் எனக்குக் கண்டிப்பு உண்டு. மழைக்காலத்தில் தண்ணீரின் மேல் சிவப்பு ஆரஞ்சு நிறத்தில் பொடிக் குஞ்சுகள் கொத்தாகக் கொதிப்பது மாதிரி மேலே வந்து வந்து அடங்கும். அது விரால் குஞ்சு. தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேல் தவளையை வீசினால் பசியே இல்லாவிட்டாலும் குஞ்சைக் காப்பாற்ற வந்து கடிக்கும். அதைப் பிடித்து வீடியோ போடுகிறார்கள், ஆயிரம் பேர் கைதட்டுகிறார்கள். காவல் போனதும் மற்ற மீன்கள் அந்தக் குஞ்சுகளை மிச்சம் வைக்காது. அப்படிப் பிடித்தவரோடு நான் மறுபடி கரையில் உட்கார்ந்ததில்லை.

ஆபத்துகளைப் பற்றிச் சுருக்கமாக, ஆனால் கட்டாயமாகச் சொல்ல வேண்டும். கொள்ளிடத்துக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அணைக்கரை, அதற்குக் கீழே சிதம்பரம் வரைக்கும் முதலை உண்டு, அது கட்டுக்கதை இல்லை. மேட்டூர் 120 அடி நிரம்பி உபரி நீர் திறந்தால் அது வருவதும் கொள்ளிடத்தில்தான், காலையில் மணலாக இருந்த இடம் மாலையில் ஆறாகிவிடும். எந்த ஆற்றிலும் மணல் அள்ளிய குழிகள் இருக்கும், முழங்கால் தண்ணீரில் நடக்கும்போதே அடுத்த அடி இரண்டாள் ஆழம். அதனால் கரையை விட்டு இறங்காமல் பிடிக்கப் பழகுங்கள். ஷட்டரின் மேலும் கீழும் நிற்காதீர்கள். வயல்வெளியில் மின்கம்பிகள் தாழ்வாகப் போகும், நீளமான கம்பைத் தூக்கும் முன் மேலே பாருங்கள். இடி சத்தம் கேட்டால் கம்பைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்குங்கள், முக்கியமாகக் கார்பன் ராடு என்றால். வரப்பிலும் கரையிலும் புல்லுக்குள் கண்ணாடி விரியன் படுத்திருக்கும், செருப்பு இல்லாமல் போகக் கூடாது. தண்ணீரில் நெளிவது பெரும்பாலும் விஷமில்லாத தண்ணீர்ப் பாம்பு, அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும். காலில் புண் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது.

சாப்பிடலாமா என்று உங்கள் மனைவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். ஊர்ச் சாக்கடை கலக்கும் இடத்துக்குக் கீழே பிடித்ததைச் சாப்பிட வேண்டாம். வயலில் மருந்து அடித்த நாட்களில் வடிகால் வாய்க்கால் மீனும் வேண்டாம். மற்றபடி தாராளமாக. பொடி மீனை மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசினால் செதிள் போகும். விராலின் வழுவழுப்புக்குச் சாம்பல். குளத்து மீனில் சேற்று வாடை இருக்கும். தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அதற்குக் காரணம், புளிப்புப் பட்டால் அது சிதைந்துவிடும். நம் வீட்டில் ஆற்று மீனைப் புளி கரைத்துத்தான் வைப்பார்கள், வறுப்பதாக இருந்தாலும் மோரிலோ எலுமிச்சையிலோ ஊறவைப்பார்கள். வேதியியல் படித்த பிறகுதான் பாட்டி செய்தது எனக்குப் புரிந்தது. விரால் குழம்பை மட்டும் அன்றைக்கே காலி செய்யாமல் கொஞ்சம் எடுத்து வையுங்கள், மறுநாள் காலை இட்லிக்கு.

முதல் ஞாயிற்றுக்கிழமையே பெரிதாகத் திட்டம் போடாதீர்கள். இரண்டு மணி நேரம் போதும், பையன் சலிப்பதற்குள் கிளம்பிவிடுங்கள். தொப்பி, குடிக்கத் தண்ணீர், கொறடு, ஒரு பழைய துண்டு, மீன் போட ஒரு வாளி. மீன் முள்ளை விழுங்கிவிட்டால் தோண்டாமல் நரம்பை வெட்டிவிடுங்கள். வெட்டிய நரம்பைக் கரையில் போடாதீர்கள், கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும். மண்புழுவை மட்டும் சனிக்கிழமை சாயங்காலமே தோண்டி வைத்துவிடுங்கள். ஞாயிறு காலையில் வீட்டுக்காரர் கொல்லையில் மண்வெட்டியோடு நின்றால் வாடகை வீட்டில் பேச்சு வரும்.